திரைக்கு அப்பால்

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954இல் இந்தியாவோடு இணைந்தது காரைக்கால். அதன் கோட்டுச்சேரிமேட்டில் நின்று இரவு வானை நோக்கும்போது, அன்றைய பிரெஞ்சிந்தியாவின் தலைநகரான புதுச்சேரியில் நிகழ்ந்த ஓர் ஏமாற்றம் நம் நினைவுக்கு வருகிறது. சூரியனை வெள்ளி கடந்து செல்வதைக் காண லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலாளர் அங்கே காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை மேகம் சூரியனை மறைத்தது. கடப்பு முடிந்த பின்னரே வானம் தெளிந்தது.

மேகம் மறைத்ததால் வெள்ளி இல்லாமற் போய்விடவில்லை. இந்த எளிய உண்மையை விண்மீன் மண்டலங்களின் விஷயத்தில் அறிஞர்கள் உணர நெடுங்காலம் ஆயிற்று.

1780இல் மெஷேன் என்ற பிரெஞ்சு வானியலாளர் திமிங்கில விண்மீன் குழுவில் ஒரு மங்கலான ஒளித்திட்டைக் கண்டார். மெஸ்ஸியே பட்டியலில் 77ஆம் எண் பெற்ற அது, சுமார் 4.7 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம் என்பதை நாம் இன்று அறிவோம். இத்தகைய சில மண்டலங்களின் நடுப்பகுதி அளவுகடந்து ஒளிர்வதை 1943இல் கார்ல் செய்ஃபர்ட் விளக்கினார். அங்குள்ள மாபெரும் கருந்துளையை நோக்கி விழும் வாயு, விழுங்கப்படுமுன் கொதித்து ஒளிர்கிறது. இதையே கிளர்வுற்ற உட்கரு என்கிறோம்.

ஆனால் 77ஆம் மண்டலத்தின் உட்கரு தூசும் வாயுவும் சூழ்ந்த திரைக்குப் பின்னே இருந்தது. அதன் ஒளி சிதறி வந்ததைக் கொண்டு 1985இல் அன்டனூச்சியும் மில்லரும் அதனை உறுதிசெய்தனர்.

இதனிடையே வேறொரு கணக்கு தீராமல் நின்றது. ஊடுகதிரை நம் வளிமண்டலம் விழுங்கிவிடுவதால், அதைக் காண மேலே செல்ல வேண்டும். 1962இல் ஜக்கோனி குழுவினர் ஏவிய ராக்கெட், வானமெங்கும் பரவிய ஊடுகதிர் ஒளிர்வைக் கண்டது. வெளிப்படையாகத் தெரிந்த உட்கருக்களை மட்டும் கூட்டினால் அதன் தன்மை பொருந்தவில்லை. மறைந்திருப்பவற்றையும் சேர்க்க வேண்டும் என்று 1989இல் செட்டியும் வோல்ட்யரும் கூறினர். எலும்பு தடுத்தாலும் தசையைக் கடந்துவிடும் மருத்துவமனைக் கதிர்போல, ஆற்றல் மிக்க ஊடுகதிர் தூசுத் திரையையும் கடக்கும். 1999இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி, அந்த ஒளிர்வின் பெரும்பகுதியைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டியது.

இந்தியாவும் இப்பாதையில் நடந்தது. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தபோது, அதனை இணைக்கும் பணியில் இராமேசுவரத்து அப்துல் கலாம் இருந்தார். 1975இல் ஆரியபட்டா சுமந்து சென்ற ஊடுகதிர்க் கருவியின் பணி, மின்வழங்கல் பழுதால் சில நாட்களிலேயே முடங்கியது. நாற்பதாண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் 28இல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆஸ்ட்ரோசாட், புறஊதாவையும் ஊடுகதிரையும் ஒருசேரக் காணும் ஆற்றலோடு அந்தக் குறையைத் தீர்த்தது.

2014இல் 77ஆம் மண்டலத்தை நூஸ்டார் தொலைநோக்கி நோக்கியபோது, மேகத்திரை சற்று விலகி, உட்கருவின் வன் ஊடுகதிர் கூடுதலாக வெளிப்பட்டது. புதுச்சேரியில் மேகம் காலம் தாழ்ந்து விலகியது. இங்கோ காணும் கருவி காத்திருந்தபோதே விலகியது. காணவில்லை என்பதாலேயே இல்லை என முடிவுகட்டுவது அறிவாகாது. தக்க ஒளியைத் தேடுவதும் பொறுமையோடு காத்திருப்பதுமே அறிவின் வழி என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.