வாடகை வீடும் புரோக்கரின் டைரியும்

என் பேத்திக்கு சிறுசேரியில் வேலை கிடைத்து நான்கு மாதம் ஆகிறது. நங்கநல்லூரிலிருந்து தினமும் போய்வர முடியவில்லை என்று, கூட வேலை பார்க்கும் தோழியோடு சேர்ந்து அந்தப் பக்கமே ஒரு வீடு பார்க்கிறாள். பார்க்கிறாள் என்றால் வெயிலில் அலையவில்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு செல்போனில் பார்க்கிறாள். வாடகை எவ்வளவு, எத்தனை பெட்ரூம், லிஃப்ட் உண்டா, எல்லாம் படத்தோடு வந்துவிடுகிறது. "உங்க காலத்துல எப்படி தாத்தா வீடு தேடினீங்க?" என்று கேட்டாள். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சென்னையில் வீடு கிடைக்காத காலம் மட்டும்தான் நமக்குத் தெரியும். ஆனால் வீடுகள் ஆளைத் தேடிய காலமும் ஒன்று இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அவசியம் இல்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறலாம் என்று அரசாங்கமே சொல்ல, சென்னை பாதி காலியாயிற்று. அப்போது தங்கசாலைப் பக்கம் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் பெரியப்பா, "வாடகை வேண்டாம், விளக்கேத்தி வெச்சிட்டு இருந்தாப் போதும்னு சாவியைக் கொடுத்துட்டுப் போனாங்கடா" என்று சொல்வார்.

பயம் தீர்ந்து போனவர்கள் திரும்பினார்கள். யுத்தம் முடிந்ததும் வேலை தேடி வந்தவர்களும் சேர்ந்துகொள்ள, நிலைமை தலைகீழானது. வாடகை கட்டுக்கடங்காமல் போகாதிருக்க 1946-லும் 1949-லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. பிறகு 1960-ல் வந்த சட்டம்தான் நம் தலைமுறை முழுவதையும் ஆண்டது. அதன்படி வீடு காலியானால் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்காரர் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு ஊழியருக்குத் தேவையென்றால் அரசாங்கம் அந்த வீட்டை எடுத்துக்கொள்ளலாம். நியாய வாடகையைக் கோர்ட்டில் நிர்ணயிக்கச் சொல்லலாம். ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது.

குடியிருப்பவனுக்கு நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒருவரைக் குடிவைத்துவிட்டால் எளிதில் காலி செய்ய வைக்க முடியாது. ஸ்மால் காசஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டு, அது அப்பீலுக்குப் போய், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் பிறந்த பிறகும் அதே குடித்தனக்காரர் மாடியில் இருப்பார். அதனால் வீட்டுக்காரருக்கு வாடகையைவிட ஆள் முக்கியமாகிவிட்டது. வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதைத் தெரிந்து சொல்ல ஒருவர் வேண்டும். வீட்டு புரோக்கருக்கு வேலை வந்தது இப்படித்தான்.

தினசரிகளில் டு-லெட் விளம்பரம் வரும். 1958 வரை 'தி ஹிந்து'வின் முதல் பக்கமே விளம்பரம்தான். ஆனால் நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் தேடிய சின்ன போர்ஷன்கள் பெரும்பாலும் பத்திரிகைக்குப் போனதில்லை. அவை பெட்டிக்கடைக்காரர், இஸ்திரி போடுபவர், பால்காரர் வாயில்தான் இருந்தன. இவர்கள் எல்லோரிடமிருந்தும் செய்தியைச் சேகரித்தவர் புரோக்கர். நான் பார்த்த புரோக்கர்களுக்கு ஆபீஸ் கிடையாது. ஒரு டீக்கடை பெஞ்சு, ஒரு சைக்கிள், ரப்பர் பேண்டு போட்ட பழைய டைரி. எந்த வீட்டில் யாருக்கு மாற்றலாகிறது, எந்தக் கிணறு சித்திரையில் வற்றும், ஆடி பிறப்பதற்குள் எது காலியாகும், எல்லாம் அந்த டைரியில் இருக்கும். கமிஷன் அரை மாத வாடகை. பின்னாளில் ஒரு மாதமாயிற்று.

நான் 1972-ல் தொலைபேசி இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் அறை. என்னோடு அந்த அறையில் இருந்தவர் எங்கள் செக்ஷன் நண்பர், ஆம்பூர்க்காரர், இஸ்லாமியர். ஆறு வருடம் ஒரே பக்கெட், ஒரே மண்ணெண்ணெய் ஸ்டவ். எனக்கு முன்பே அவருக்குக் கல்யாணமாகிக் குடும்பம் ஊரில் இருந்தது. 1977-ல் எனக்கும் பெண் பிறந்தாள். மனைவி மாயவரத்தில். இருவருமே வீடு தேடினோம்.

1978 தை மாதம் மேற்கு மாம்பலத்தில் ஒரு புரோக்கர் எனக்கு ஒரு போர்ஷன் காட்டினார். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கிணறு. வாடகை இருநூறு ரூபாய். வீட்டுக்கு நடக்கும்போதே என் ஊர், அப்பா பெயர், என்ன சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேச்சுத் துணைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. புரோக்கர் தலையாட்டினார், சாவி வந்தது. அட்வான்ஸ் ஐந்து மாதம், ஆயிரம் ரூபாய். சட்டப்படி வாங்கக்கூடியது இருநூறு என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரசீது கிடையாது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன்.

பால் காய்ச்சிய அன்று நண்பர் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் குடம், புது வீட்டுக்குப் பரிசு. வாசலிலேயே சற்று நின்று வீட்டைப் பார்த்தார். உள்ளே வந்து காபி குடித்தார். கிளம்பும்போது சொன்னார்: "கிணத்துத் தண்ணி நல்லாயிருக்கும். நான் குடிச்சுப் பார்த்திருக்கேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வாரம் முன்பு, "மாம்பலத்துல ஒரு வீடு பிடிச்சிருந்தது, ஆனா நேத்தே போயிடுச்சாம்" என்று அறையில் சொன்னாரே, அது இதே வீடு. மறுநாள் புரோக்கரை டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் என்ன சார் பண்றது? யாரைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு ஓனர் முன்னாடியே சொல்லிட்டாரு. அவர் வாயால சொல்ல சங்கடப்படறதை நான் சொல்றேன். அதுக்குத்தான் சார் எனக்குக் கமிஷன்" என்றார்.

நான் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு மனைவி மாயவரத்திலிருந்து கிளம்பிவிட்டாள், சங்கிலி அடகில் இருக்கிறது, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டில் எட்டு வருடம் இருந்தோம். நண்பர் மேலும் இரண்டு வருடம் மேன்ஷனில் இருந்துவிட்டு, சொந்தக்காரர் மூலமாகப் புதுப்பேட்டையில் வீடு பிடித்தார். ஓய்வு பெறும் வரை ஒரே ஆபீசில் இருந்தோம். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. 1990-களில் 'மாம்பலம் டைம்ஸ்', 'அடையாறு டைம்ஸ்' போன்ற இலவச வார இதழ்கள் வாசலில் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றில் வாடகை விளம்பரங்களைப் பேனாவால் வட்டம் போடுவது பல வீடுகளில் வழக்கமாயிற்று. கணினிக் கம்பெனிகள் வந்ததும் வாடகை ஏறியது, அட்வான்ஸ் பத்து மாதமாயிற்று. 2007-ல் அப்படி வீடு தேடி அலைந்த ஒரு குடும்பத்தின் கதைதான் செழியன் எடுத்த 'டு லெட்' படம். 2017-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. அந்தப் படம் தியேட்டருக்கு வந்த 2019 பிப்ரவரியில்தான் 1960 சட்டம் போய்ப் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. இப்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது.

புரோக்கரின் டைரியும் செல்போனுக்குள் போய்விட்டது. 2005-ல் '99 ஏக்கர்ஸ்', மறு வருடம் 'மேஜிக்பிரிக்ஸ்', 2014-ல் பெங்களூரில் தொடங்கிய 'நோபுரோக்கர்' என்று வரிசையாக வந்தன. புரோக்கரே வேண்டாம் என்பதைப் பெயராக வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தாயிற்று. இத்தனை சட்டங்களிலும் வாடகை, அட்வான்ஸ், காலி செய்யும் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் பிரிவு இருக்கிறது. என் நண்பருக்கு நடந்ததற்கு மட்டும் இந்த வாடகைச் சட்டங்களில் ஒரு பிரிவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஒரு வீடு பிடித்துவிட்டது. வாடகையும் ஒத்துவந்தது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்டார், சொன்னாள். யார் யார் தங்குவீர்கள் என்று கேட்டார். தன் பெயரையும் தோழியின் பெயரையும் சொன்னாள். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நீ மட்டும்னா பரவாயில்லம்மா" என்றார்.

"வேண்டாம் அங்கிள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். அந்த எவர்சில்வர் குடம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாற்பத்தெட்டு வருடமாக அதில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். சாயங்காலம் நண்பருக்குப் போன் செய்து, அந்த மாம்பலம் வீட்டைப் பற்றி முதல் முறையாகப் பேசினேன்.