மலைக்காய்ச்சலின் பெயர்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறினால், பொதியமலைச் சாரலில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் வரும். இத்தகைய மலைத்தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்த வரலாற்றை, பிறமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அங்கே ஒருவருக்கு உடல் கொதித்தால், மலைக்காய்ச்சல் என்றோ விஷக்காய்ச்சல் என்றோ சொல்லிவிடுவர். அது டெங்குவா, சிக்குன்குனியாவா, மலேரியாவா? மூன்றும் கொசுவால் பரவுவன. தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றுவன. ஐயத்தைத் தீர்க்க இரத்தத்தைச் சோதித்தே ஆகவேண்டும்.

1952-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறநிலையமும் கூடி, பூனாவில் வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. 1955-இல் வட ஆற்காட்டில் கண்ட மூளைக்காய்ச்சல் ஜப்பானிய மூளை அழற்சியே என இரத்தச் சோதனையால் தெளிவாயிற்று. நெல்வயல் நீரில் பிறக்கும் கொசு பரப்பும் அந்நோய், இந்தியாவில் அடையாளம் காணப்பட்டது அதுவே முதன்முறை.

1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் மூட்டுகளை முடக்கிய காய்ச்சல் சிக்குன்குனியா என அறியப்பட்டது. 1973-க்குப் பின் அது ஓய்ந்தது. ஓய்ந்த நோயை மறப்பது அரசாங்கங்களுக்கும் எளிது, நமக்கும் எளிது. 2005-இன் இறுதியில் அது திரும்பியபோது, வந்தது பழைய வைரஸ் அன்று, ஆப்பிரிக்கக் கிளையைச் சேர்ந்தது என்று ஆய்வாளர் கண்டனர். 2007-இல் கேரளத்து மாதிரிகளை ஆராய்ந்தபோது மற்றொரு வியப்பு காத்திருந்தது. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில், 226-ஆம் இடத்தில், அலனின் என்னும் அமினோ அமிலம் போய் வாலின் வந்திருந்தது. அந்தச் சிறு மாற்றத்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் கொசு, அவ்வைரஸை முன்னிலும் திறமையாகப் பரப்பலாயிற்று. இக்கொசுவுக்கு நகரத்துத் தண்ணீர்த் தொட்டி தேவையில்லை. ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையில் தேங்கும் மழைநீரே போதும். தோட்டங்களில் காய்ச்சல் ஏன் அவ்வாறு பெருகிற்று என்பது அதன் பிறகே விளங்கிற்று.

2008-இல் பூனா நிலையத்தின் கிளையொன்று ஆலப்புழையில் அமைந்தது. ஆயினும் 2021-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் காய்ச்சலும் தடிப்பும் கண்டபோது, மாதிரிகள் புனேவுக்கே சென்றன. விடை ஜிகா என வந்தது. கேரளத்தில் அது முதன்முறை. கருவுற்ற தாயை ஜிகா தொற்றினால் சிசுவின் தலை சிறுத்துவிடக்கூடும். ஐயுற்ற மருத்துவர் மாதிரி அனுப்பியிராவிடில், அதுவும் வெறுங்காய்ச்சலாகவே கழிந்திருக்கும். பின்னர்ச் சோதனைக்குரிய பொருள்கள் புனேயிலிருந்து கேரளத்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய நம்மவர் காய்ச்சலுற்றால், எங்கெங்கே தங்கினோம் என்பதை மருத்துவரிடம் கூறுவது இதனாலேயே பயனுடையது.

தோட்டத்திற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் இடையிலுள்ள தொலைவு இவ்வாறு குறைந்து வந்திருக்கிறது. போனக்காட்டு நோயாளியின் இரத்தம் மட்டும் முதலில் அந்த மலைப்பாதையில் இறங்கி வரவேண்டும்.