செய்தி மலையிறங்க எடுத்துக்கொண்ட நேரம்

2020 ஆகஸ்ட் 6. இரவு பதினொரு மணியை நெருங்கும் வேளையில், மூணாற்றின் ராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. காணாமற்போனோரையும் சேர்த்து 70 பேர் மாண்டனர். மின்சாரமின்றித் தொலைபேசிக் கோபுரம் செயலற்றிருந்ததால், வெளியுலகம் இதனை அறிந்தது மறுநாள் காலையில்தான். பெரியவாரையில் தற்காலிகப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டிருந்தமையால் மீட்புப் படையினரின் பயணம் மேலும் தாமதமாயிற்று.

இம்மலைகளுக்கு இத்தகைய துண்டிப்பு புதிதன்று. 1924 ஜூலைப் பெருவெள்ளத்தில் குண்டலைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதை அழிந்தது. அது மீண்டும் அமைக்கப்படவேயில்லை. 2018 ஆகஸ்டில் பாலக்காட்டு நெல்லியாம்பதியும் சாலை துண்டிக்கப்பட்டுத் தனித்தீவானது.

பேரிடரில் ஆள்பலத்தைக் காட்டிலும் ஒருங்கிணைப்பே முதலில் தளர்கிறது என்பதை உலகம் 1970இல் கலிபோர்னியக் காட்டுத்தீயில் கற்றது. அங்கே பல துறையினர் ஒரே களத்தில் நின்றும், ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டவில்லை. அப்படிப்பினையிலிருந்து பிறந்த களத்தலைமை முறையைத் தழுவி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டடம் கிடைக்காத இடத்தில் கூடாரமோ வாகனமோ களத்தலைமையிடமாகலாம் என அது கூறுகிறது. நடமாடும் கட்டுப்பாட்டு ஊர்தி என்பதன் பொருள் இதுவே. சொந்த மின்னாக்கி, செயற்கைக்கோள் தொலைபேசி, காவல், தீயணைப்பு, வனம், வருவாய், மருத்துவம் ஆகிய துறைகளை இணைக்கும் கம்பியில்லாக் கருவிகள், விரித்துவைத்த வரைபடம் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும்.

ஆயின், அடிவாரத்தில் நிற்கும் ஊர்தி எத்துணைச் சிறந்ததாயினும் பாலம் இடிந்தபின் பயன்படாது. பெட்டிமுடியில் முதலில் இல்லாதிருந்தது ஊர்தியன்று, செய்தி சொல்லும் வழி. ஆகவே, மழைக்காலம் தொடங்குமுன்பே ஊர்தி மலைமேல் நிறுத்தப்பட வேண்டும். ஒவ்வொரு லயத் தொகுதியிலும் மின்கலத்தில் இயங்கும் கம்பியில்லாக் கருவி ஒன்றேனும் இருக்க வேண்டும். எந்த வீட்டில் எத்தனை பேர் உறங்கினர் என்பதை அறிந்தவர்கள் அண்டைவீட்டுத் தொழிலாளர்களே. அவர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு உடனே மலையாளத்தில் பதியவல்ல ஒருவரும் அவ்வூர்தியில் அமர்ந்திருக்க வேண்டும்.

நூறாண்டுகளாகத் தேயிலை தடையின்றி மலையிறங்க வழிகள் பல கண்டோம். தொழிலாளியின் அபயக்குரல் இறங்குவதற்கும் ஒரு வழி காண்பது, வரலாறு நம்மீது சுமத்தியுள்ள கடன்.