கதவை அகலத் திறந்து வச்சா லாகின் ஏன் ஆக மாட்டேங்குது?

பாஸ்வேர்ட் சரி, யூசர் பேரும் சரி, ஆனாலும் கம்ப்யூட்டர் உள்ளே விடலை. இந்தத் தலைவலிக்கு அம்பது வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு.

1971-ல், பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு வந்தபோது, ஒரு ஃபைலுக்கு ரெண்டே தரப்புதான்: உரிமையாளர், மத்தவங்க. 'குரூப்' பின்னாடி சேர்ந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூணையும் கூட்டினா 7. மூணு தரப்புக்கும் எல்லாத்தையும் கொடுத்தா 777.

அந்தக் காலத்தில் பாஸ்வேர்டுகள் மறையாக்கப்பட்டு, எல்லாரும் படிக்கக்கூடிய ஒரே ஃபைலில் இருந்தன. ராபர்ட் மோரிஸும் தாம்சனும் 1979-ல் வெளியிட்ட கட்டுரையில், சேகரித்த 3,289 பாஸ்வேர்டுகளில் 2,831 எளிதா உடைக்கக்கூடியவைன்னு கணக்குக் காட்டினாங்க. நூத்துக்கு 86! (நாம இன்னிக்கும் பெருசா திருந்திடலை.) பிறகு அந்த ரகசியங்களை 'ஷேடோ' என்கிற தனி ஃபைலுக்கு மாத்தி, ரூட் மட்டும் படிக்கிற மாதிரி பூட்டினாங்க. 1995-ல் தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடு போனதும் டாட்டு யூலோனென் எஸ்எஸ்ஹெச் எழுதினார்.

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். போடிநாயக்கனூரில் எனக்குத் தெரிஞ்ச ஒரு ஏலக்காய்க் கடை. கடை கீழே தமிழ்நாட்டில். தோட்டமோ போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம், கேரளாவில். மேலே இருக்கிற கணக்கப்பிள்ளை தினமும் எஸ்எஸ்ஹெச் சாவி வச்சு கடையோட லினக்ஸ் சர்வருக்குள்ள வந்து மூட்டைக் கணக்கைப் பதிவார். ஏலத்துக்கு முந்தின நாள் ராத்திரி உள்ளே வர முடியலை. 'பெர்மிஷன் டினைட்', அவ்வளவுதான். காலையில எந்த லாட்டில் எத்தனை கிலோன்னு கடைக்குத் தெரியாது. "அண்ணே, சாவியை மாத்திட்டீங்களா?"ன்னு அவர் போன்ல கேக்குறார். யாரும் மாத்தலை.

சர்வரோட லாகைப் பாத்தா காரணம் தெளிவா இருக்கு: 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்'. ஒரு ஃபைல் திறக்கலைன்னு யாரோ எல்லா ஹோம் டைரக்டரிக்கும் சிஹெச்மாட் 777 போட்டு வச்சிருக்காங்க. உங்க டைரக்டரியில் யார் வேணும்னாலும் எழுதலாம்னா, இன்னொருத்தர் தன் சாவியை அதுக்குள்ள வச்சுட்டு உங்க பேரில் வந்துடலாம். அதனால எஸ்எஸ்ஹெச் அந்தச் சாவியையே நம்ப மறுக்குது. காரணத்தை வாசல்ல நிக்கிறவருக்குச் சொல்லாது, உள்ளே எழுதி வைக்கும். எனக்கு இது நியாயமாத்தான் படுது. நடுராத்திரி மலை மேல உக்காந்திருக்கிறவருக்கு எரிச்சலா இருக்கும், வாஸ்தவம்.

ஹோமுக்கு 755, சாவி டைரக்டரிக்கு 700, சாவிப் பட்டியலுக்கு 600 போட்டதும் கணக்கப்பிள்ளை உள்ளே வந்துட்டார்.

இதுக்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. பயந்துபோய் அந்தப் பழைய பாஸ்வேர்ட் ஃபைலை ரூட் மட்டும் படிக்கணும்னு பூட்டிடுவாங்க. ரகசியம் அதில் இல்லாமப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு; மிச்சம் இருக்கிறது பேர்ப் பட்டியல்தான். பூட்டினதும் பேஷ் ஷெல்லுக்கு நீங்க யாருன்னே தெரியாது. உங்க பேர் வர வேண்டிய இடத்தில் 'ஐ ஹேவ் நோ நேம்!'னு ஆச்சரியக்குறியோட காட்டும்.