தறி நின்ற வாரம்

1883 மார்ச் 31, சனிக்கிழமை. லண்டன் கென்னிங்டன் ஓவலில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். ஒரு பக்கம் ஓல்டு ஈட்டோனியன்ஸ், அதாவது ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். முந்தைய ஆண்டு கோப்பையை வென்றவர்கள். தலைவர் ஆர்தர் கின்னர்ட், வங்கிக் குடும்பத்துப் பிள்ளை, பின்னாளில் பிரபு. எதிர்ப்பக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக். அந்தப் பதினொரு பேரில் மூன்று பேர் நெசவாளர்கள். ஒருவர் நூற்பாலைத் தொழிலாளி, ஒருவர் பஞ்சாலை இயந்திரம் ஓட்டுபவர். மற்றவர்களில் பிளம்பர், இரும்பு வார்ப்படத் தொழிலாளி, படங்களுக்குச் சட்டம் போடுபவர், குமாஸ்தா, பல் மருத்துவரின் உதவியாள், மதுக்கடை நடத்துபவர் என்று ஆளுக்கொரு பிழைப்பு.

கால்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலைச் சொல்லிவிட்டு நேரே ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த மூன்று நெசவாளர்களைத் தாண்டிப் போக முடிவதில்லை. சேலத்தில் வேட்டி நெய்து பிழைத்த குடும்பம் எங்களுடையது. வேட்டிக்கு இவ்வளவு என்று கூலி. தறி ஓடினால் காசு. பாவு வராமல் காத்திருந்த நாளுக்கும் கிடையாது, காய்ச்சலில் படுத்த நாளுக்கும் கிடையாது. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்குக்கூட அப்பா மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழித்தறியை விட்டு ஏறுவார். பிளாக்பர்ன் நெசவாளர்கள் விசைத்தறி ஓட்டியவர்கள்தான். ஆனாலும் அவர்களுக்கும் துணிக் கணக்கில்தான் கூலி. அப்படியிருக்க, பந்து உதைப்பதற்காக வில்லியம் ஆஸ்ட்லியும் தாமஸ் டியூஹர்ஸ்டும் ஜான் யேட்ஸும் எப்படித் தறியை விட்டுப் போனார்கள்?

சனிக்கிழமை மத்தியானம் பிரச்சினையே இல்லை. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை 2 மணிக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது, ஆகவே ஆண்களுக்கும் விடுப்பு. பிளாக்பர்ன் உள்ளிட்ட லங்காஷயர் ஊர்களில் கால்பந்து வேர்விட்டது இந்த அரைநாளில்தான். ஒலிம்பிக் கிளப்பும் 1878இல் இரண்டு சின்ன கிளப்புகளைச் சேர்த்து உண்டானது.

அதே 1878இல் பிளாக்பர்னில் வேறொன்றும் நடந்தது. சரக்கு தேங்குகிறது, கூலியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறோம் என்று ஆலை முதலாளிகள் அறிவித்தார்கள். நேரத்தைக் குறைத்து ஓட்டுங்கள், உற்பத்தி தானாகக் குறையும் என்று தொழிலாளர்கள் மாற்று யோசனை சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. வேலைநிறுத்தம், பிறகு கலவரம். மே மாதம் முதலாளிகள் தரப்புத் தலைவர் ராபர்ட் ரெய்ன்ஸ்ஃபோர்ட் ஜாக்சனின் மாளிகை கொளுத்தப்பட்டது. கடைசியில் குறைந்த கூலிக்கே தறிக்குத் திரும்பினார்கள்.

பிளாக்பர்ன் சரக்கில் பெரும்பங்கு இந்தியச் சந்தைக்கு வந்தது, அதிலும் வேட்டித் துணி முக்கியம். இந்தப் பக்கம் அது தாது வருஷப் பஞ்ச காலம். சென்னை மாகாணத்தில் ஜனங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது வேட்டி யார் வாங்குவார்கள்? அங்கே சரக்கு தேங்கியதற்குப் பல காரணங்கள், இங்கே விழுந்த பிணங்களும் அவற்றில் சேர்த்தி. நம் கைத்தறிகளை முடக்கிய துணியை நெய்த ஊர் அது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஆலை வட்டாரத்து மான்செஸ்டரின் பெயரை மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அந்த மூன்று பேர்மேல் கோபம் கொள்ள எனக்கு வரவில்லை.

அரைநாள் லீவு உள்ளூர் ஆட்டத்துக்குப் போதும், லண்டனுக்குப் போதாது. 1879இல் பக்கத்து ஆலை ஊரான டார்வென் அணி கோப்பையின் காலிறுதிக்கு வந்தது. எதிரி இதே ஓல்டு ஈட்டோனியன்ஸ். 5-1 என்று பின்தங்கியவர்கள் கடைசிக் கால்மணி நேரத்தில் நான்கு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரம் ஆட ஈட்டன்காரர்கள் சம்மதிக்கவில்லை. மறுபடியும் லண்டன், 2-2. மூன்றாவது முறையும் லண்டன். 6-2 என்று டார்வென் தோற்றது. ஊரில் வசூல் செய்து ரயிலேறிய மில் தொழிலாளிகள் அவர்கள். ஒரு தடவையாவது வடக்கே வந்து ஆடுகிறோம் என்று ஈட்டன்காரர்கள் சொல்லவில்லை. பணம் கொடுத்து ஆள் வைத்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று பிரசங்கம் செய்த வர்க்கமும் இதுதான்.

ஒலிம்பிக் இந்தப் பாடத்தைக் கவனித்திருக்க வேண்டும். 1882இல் ஷெஃபீல்டிலிருந்து ஜாக் ஹன்டர் வந்தார். இங்கிலாந்து அணிக்கு ஆடியவர். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். ஒரு மதுக்கடையை அவர் பொறுப்பில் விட்டார்கள், அது எந்த வகைச் சம்பளம் என்று யாரும் கேட்கவில்லை. சிட்னி யேட்ஸ் என்ற இரும்பு ஆலை முதலாளி செலவுக்குக் கைகொடுத்தார். அந்தப் பணத்தில் ஹன்டர் அணியை பிளாக்பூல் கடற்கரைக்கு அழைத்துப்போய்த் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார். காலை 6 மணிக்கு ஒரு கிளாஸ் போர்ட் ஒயினும் இரண்டு பச்சை முட்டையும். பிறகு மணலில் நடை. கஞ்சி, மீன், மத்தியானம் ஆட்டுக்கால், இரவில் சிப்பி. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. சாப்பாட்டு விவரம் எனக்கு முக்கியமில்லை. கூலி போகுமே என்ற கவலை இல்லாமல் நெசவாளி கடற்கரையில் நடந்தான் பாருங்கள், கோப்பை அங்கேயே பாதி வந்துவிட்டது. ஓர் ஆட்டத்துக்காக ஓர் அணியை இப்படி ஒதுக்கி வைத்துத் தயார் செய்வது அன்றைக்குப் புதிது.

அரையிறுதியில் இன்னொரு பழைய மாணவர் அணியான ஓல்டு கார்த்தூசியன்ஸை 4-0 என்று ஊதித் தள்ளினார்கள்.

ஓவலில் சுமார் 8,000 பேர். ஈட்டன்காரர்கள் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு கூட்டமாக முன்னேறும் பழைய பாணி. ஒலிம்பிக்காரர்கள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீளமாகப் பந்தைக் கடத்தி எதிரியை ஓடவிட்டார்கள். முதல் கோல் ஈட்டனுடையது, ஹாரி குட்ஹார்ட். இரண்டாம் பாதியில் சட்டம் போடும் ஆர்தர் மேத்யூஸ் சமன் செய்தார். ஈட்டனின் ஆர்தர் டன் காயம்பட்டு வெளியேறினார். மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. இந்த முறை கூடுதல் நேரத்துக்கு ஈட்டன்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். பத்துப் பேரும் தளர்ந்துபோயிருக்க, பிளாக்பூல் சிப்பி தின்றவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நெசவாளி யேட்ஸ் குறுக்கே கொடுத்த பந்தை நூற்பாலைத் தொழிலாளி ஜிம்மி காஸ்ட்லி உள்ளே அடித்தார். 2-1. காயம் இல்லாவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். டார்வெனுக்கு மூன்று ரயில் பயணம் இல்லாதிருந்தாலும் முடிவு வேறாகத்தான் இருந்திருக்கும்.

கோப்பை லங்காஷயரிலேயே இருக்கும், லண்டனுக்குத் திரும்பாது என்று தலைவர் ஆல்பர்ட் வார்பர்டன் ஊர் வரவேற்பில் பேசினார். பேச்சு பாதி பலித்தது: 1895இல் பர்மிங்ஹாமில் ஒரு கடைக் கண்ணாடிக்குள்ளிருந்து அந்தக் கோப்பை களவு போகும்வரை லண்டன் அணி எதுவும் அதை வெல்லவில்லை.

வெற்றிக்குப் பிறகு பணச் சண்டை முற்றியது. வழிச்செலவும், உண்மையாகவே இழந்த கூலியும் தவிர எதுவும் வாங்கக் கூடாது என்பது கோப்பையை நடத்திய கால்பந்துச் சங்கத்தின் (எஃப்.ஏ.) விதி. நெய்யாத துணிக்கு எவ்வளவு கூலி என்று எழுதுவது? எந்தக் கணக்குப்பிள்ளையும் தன் வசதிக்கு எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொண்டார்கள். 1884 தொடக்கத்தில் பிரஸ்டன் அணியை நடத்திய வில்லியம் சடல் காசு கொடுப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. வடக்கத்தி கிளப்புகள் தனிச் சங்கம் தொடங்குவோம் என்று மிரட்டின. 1885 ஜூலையில் சம்பள ஆட்டம் சட்டப்படி செல்லும் என்றானது.

அதனால் ஒலிம்பிக்குக்குத்தான் சேதம். அதே ஊரின் ரோவர்ஸ் கிளப்பிடம் பணம் அதிகம். 1884, 1885, 1886 மூன்று ஆண்டும் கோப்பை அவர்களுடையது. நல்ல ஆட்டக்காரர்கள் கூலி அதிகமுள்ள பக்கம் நகர்ந்தார்கள், அது நியாயம்தான். 1888இல் கால்பந்து லீக் தொடங்கியபோது பிளாக்பர்னிலிருந்து ரோவர்ஸை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஒலிம்பிக் 1889இல் சம்பளம் கொடுப்பதை நிறுத்திப் பார்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கிளப்பை மூடிவிட்டார்கள்.