பெசன்ட் நகர் கோலமும் பஃபலோ பாக்டீரியாவும்

மார்கழி வந்தால் பெசன்ட் நகரில் என் காலை நடை அரைமணி நேரம் நீளும். காரணம் குளிர் இல்லை (சென்னையில் அது எங்கே?), கோலம். நல்ல சிக்குக் கோலமாக ஒன்று கண்ணில் பட்டால் நின்று புள்ளி எண்ணாமல் நகர முடிவதில்லை. இந்த வருஷமும் அப்படி ஒரு வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் 2019 டிசம்பர் 29 நினைவுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோலம் போட்டார்கள் என்று இதே பகுதியில் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன நாள்.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. நாடெங்கும் போராட்டம். சென்னையில் ஒரு சிறு குழு, பெரும்பாலும் பெண்கள், தெருவில் கோலம் போட்டு அதன் பக்கத்தில் சிஏஏ வேண்டாம், என்ஆர்சி வேண்டாம் என்று எழுதினார்கள். கோஷம் இல்லை, ஊர்வலம் இல்லை, கையில் கோலமாவு. போலீஸ் வந்து பிடித்தது. என்ன ஏது என்று கேட்கப்போன வழக்கறிஞர்களையும் சேர்த்துப் பிடித்தது. பிறகு விடுவித்தார்கள், ஆனால் சட்டவிரோதமாகக் கூடியதாக வழக்கு.

எந்தச் சட்டம் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. இந்த ஊரில் கூட்டம் கூடுவதைக் கட்டுப்படுத்தக் கமிஷனருக்கு அதிகாரம் தருவது 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம். அதன் 41-வது பிரிவின்கீழ் வரும் தடை ஆணை 15 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதாவது கோலத்துக்கு எதிராகச் சட்டம் எதுவும் கிடையாது. கோலம் போடக் கூடியதற்கு எதிராகத்தான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மறுநாளே மு.க. ஸ்டாலின் வீட்டு வாசலிலும் கனிமொழி வீட்டு வாசலிலும் அதே வாசகங்களோடு கோலங்கள் தோன்றின. விஷயம் நாடு முழுக்கப் போய்விட்டது. புத்தாண்டை ஒட்டிக் கமிஷனர் ஏ.கே. விஸ்வநாதன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். கோலம் போட்டவர்களில் ஒருவருக்குப் பாகிஸ்தான் தொடர்பு இருக்கிறதா என்று விசாரிப்பதாகச் சொன்னார். ஆதாரம்? அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் பாகிஸ்தானில் இயங்கும் ஓர் அமைப்பின் பெயர் இருந்ததாம். வாசல் கோலம் மூன்றே நாளில் தேசப் பாதுகாப்பு விவகாரம் ஆனது இப்படித்தான்.

இங்கே கோலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு அது அலங்காரம், இல்லாவிட்டால் சம்பிரதாயம். ஆனால் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1970-களில் அது கணிதம். கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வந்தது கணினி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழில். நோம் சாம்ஸ்கி வாக்கியங்களுக்கு வகுத்த மாதிரி இலக்கணத்தை அவர்கள் புள்ளிக்கட்டங்களுக்கு வகுத்தார்கள். சில அடிப்படைத் துண்டுகள், அவற்றை எப்படி மாற்றி அடுக்கலாம் என்பதற்குச் சில விதிகள், அவ்வளவுதான். அதிலிருந்து மேலும் மேலும் பெரிய கோலங்கள் பிறந்துகொண்டே போகும். கையை எடுக்காமல் புள்ளிகளைச் சுற்றிவரும் கம்பிக் கோலத்தையும் பின்னாளில் இப்படி ஆராய்ந்தார்கள். கணினி அறிவியலின் ஒரு கிளை நம் வீட்டுப் பெண்களின் விரல் நுனியிலிருந்து பாடம் கற்றது என்று சொன்னால் மிகையில்லை.

கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே நிற்கும் ஒரு பொருள், அதன் மேல் பாதுகாப்பு என்ற பெயரில் விழுந்த கை. இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வருவது அமெரிக்காவின் பஃபலோ நகரம், ஸ்டீவ் கர்ட்ஸ் வழக்கு.

கர்ட்ஸ் பஃபலோவில் கலைப் பேராசிரியர். ‘கிரிட்டிகல் ஆர்ட் என்செம்பிள்’ என்ற குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். உயிரியல் கருவிகளையே கலைக் கருவிகளாக்கி, மரபணு மாற்றிய உணவைப் பற்றியும் கிருமிப் போர் பற்றியும் சாதாரண ஜனங்கள் கேள்வி கேட்கும்படி கண்காட்சிகள் செய்வது இந்தக் குழுவின் வேலை. 2004 மே 11 காலை கர்ட்ஸ் விழித்தபோது மனைவி ஹோப் மூச்சில்லாமல் கிடந்தார். மாரடைப்பு. அவசர உதவிக்கு போன் செய்தார். வந்தவர்கள் கண்ணில் பட்டது பெட்ரி தட்டுகளும் ஆய்வகச் சாமான்களும். எஃப்பிஐ வந்தது. முழு உடல் பாதுகாப்பு உடையணிந்தவர்கள் வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். கணினி, புத்தகங்கள், குறிப்புகள், ஏன் ஹோப்பின் உடலைக்கூட எடுத்துப் போய்விட்டார்கள். மனைவியை இழந்த மனிதருக்கு அழக்கூட அவகாசம் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரு கண்காட்சி அழைப்பிதழில் அரபி எழுத்து இருந்ததும் சந்தேகத்தைக் கூட்டியது என்று நண்பர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நம்ம ஊர் ஃபேஸ்புக் பக்கத்தைப் படித்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

வீட்டில் இருந்தது செராஷியா மார்சசென்ஸ் முதலிய பாக்டீரியாக்கள். பள்ளி ஆய்வகங்களில்கூடப் பயன்பட்டவை. இதில் உச்சமான விஷயம் ஒன்று உண்டு. 1950-ல் அமெரிக்கக் கடற்படை கிருமிப் போர் ஒத்திகைக்காக சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேல், மக்களுக்குச் சொல்லாமலே தூவியதும் இந்த செராஷியாவைத்தான். கர்ட்ஸ் குழு அப்போது செய்துகொண்டிருந்ததே கிருமிப் போர்த் திட்டங்களின் வரலாற்றை விமர்சிக்கும் ஒரு படைப்பு. அரசாங்கம் ஊர் முழுக்கத் தூவலாம். அதைப் பற்றிப் பேசக் கலைஞர் ஒரு குப்பியில் வைத்திருக்கக் கூடாது.

உயிரி ஆயுதச் சட்டத்தில் தொடங்கிய விசாரணை அதில் தேறவில்லை. அந்த வருஷம் ஜூனில் வந்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? மோசடி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மரபியல் பேராசிரியர் ராபர்ட் ஃபெரெல் தன் ஆய்வகக் கணக்கில் 256 டாலருக்கு பாக்டீரியா வாங்கி நண்பருக்குக் கொடுத்தார், அது தபால் வழியும் தொலைத்தொடர்பு வழியும் செய்த ஏமாற்று என்றார்கள். இதற்கு 20 ஆண்டுவரை சிறை விதிக்க முடியும். உடல்நலம் கெட்டிருந்த ஃபெரெல் 2007-ல் ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒதுங்கினார். கர்ட்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 2008 ஏப்ரலில் நீதிபதி ரிச்சர்ட் ஆர்காரா குற்றப்பத்திரிகையில் குற்றமே இல்லை என்று தள்ளுபடி செய்தார். நான்கு வருஷம். கலைஞர்கள் தங்கள் படைப்புகளை ஏலம் விட்டு வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள்.

போலீஸ் தரப்பில் நியாயமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. வீட்டில் பெட்ரி தட்டைப் பார்த்த அதிகாரி சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். இன்னொருவர் வாசலில் கோலம் போட்டால் அவர் ஆட்சேபிக்கலாம், அழித்துவிட்டும் போகலாம். ஆனால் பாக்டீரியா ஆபத்தில்லை என்று சோதனையில் தெரிந்த பிறகும், கோலம் கோலம்தான் என்று தெரிந்த பிறகும் விடவில்லையே, அதுதான் என் பிரச்சினை. பெரிய சந்தேகத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டு, கையில் இருக்கும் சின்னச் சட்டத்தால் ஆளைப் பிடித்து வைப்பது.

நேரடியாகக் கலைக்கென்றே போட்ட சட்டத்தை எதிர்ப்பது இதைவிடச் சுலபம். 1954-ல் சென்னை மாகாணம் நாடகச் சட்டம் கொண்டுவந்தது, எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் ஆட்சியாளர்களை உறுத்திய காலம் அது. பிரதியைப் போலீசிடம் காட்டித்தான் நாடகம் போட வேண்டும் என்ற நிலை பல பத்தாண்டு நீடித்தது. ‘பரீக்‌ஷா’ ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. எதிரி யார் என்று தெரிந்திருந்தது, எந்தப் பிரிவு என்று தெரிந்திருந்தது. பெசன்ட் நகர் கோலக்காரர்கள் எந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போவார்கள்? 1888-ஐயா? ஃபேஸ்புக்கையா?

2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய நேரத்தில், சிஏஏ எதிர்ப்பு வழக்குகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். பாகிஸ்தான் தொடர்பு பற்றிய பேச்சு அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது.

வழக்கு முடிந்த அதே 2008-ல் பஃபலோவில் கர்ட்ஸ் குழு ஒரு கண்காட்சி வைத்தது. சோதனைக்கு வந்த எஃப்பிஐ ஆட்கள் அவர் வீட்டில் விட்டுப்போன குப்பை அதில் பார்வைக்கு இருந்தது: பீட்சா பெட்டிகள், குளிர்பான பாட்டில்கள், கழற்றிப் போட்ட பாதுகாப்பு உடைகள். பெசன்ட் நகரில் அப்படி எடுத்து வைக்க எதுவும் மிஞ்சவில்லை. மாவுக் கோலம், எறும்புக்கும் ஆட்டோ சக்கரத்துக்கும் எத்தனை நேரம் தாங்கும்?