கிழக்கே நகர்ந்த கோடு

எங்கள் பள்ளியில் இருந்த உலகப் படம் துணியில் ஒட்டியது. மேலும் கீழும் கறுப்பு மரச் சட்டம். வகுப்பு முடிந்ததும் சுருட்டி, நாடாவால் கட்டி, ஆசிரியர் அறை மூலையில் சாத்தி வைப்போம். 31 வருடம் அதைப் பிரம்பால் தொட்டுத் தொட்டுப் புவியியல் நடத்தினேன். பிரம்பு பட்டு அதிகம் தேய்ந்த இடம் இந்தியா. அதற்கு அடுத்தது யூரல் மலை.

கண்டங்கள் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடம் அதுதான். அவுட்லைன் மேப்பைக் கொடுத்தால் ஆப்பிரிக்காவுக்கு மளமளவென்று நிறம் தீட்டிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவும் அப்படித்தான், சுற்றிலும் கடல். ஐரோப்பாவுக்கு மஞ்சள் தீட்டிக்கொண்டே கிழக்கே போகிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு வருடம் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்: "இங்க கடலே இல்லையே சார், அப்புறம் எப்படி இது ரெண்டு கண்டம்?"

"மலை இருக்குல்லம்மா" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. மலைதான் கண்டத்தைப் பிரிக்கும் என்றால், இமயமலைக்குத் தெற்கே இருக்கிற நாம் எப்போதோ தனிக் கண்டம் ஆகியிருக்க வேண்டும். யூரலின் மிக உயர்ந்த சிகரமான நரோத்னயா 1,900 மீட்டரைக்கூட எட்டவில்லை. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்.

அன்றிலிருந்து இந்த ஒரு கோட்டின் கதையைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

தொடக்கம் கிரேக்க மாலுமிகளிடம். ஏஜியன் கடலில் படகோட்டியவர்களுக்கு ஒரு கரை ஐரோப்பா, எதிர்க்கரை ஆசியா. அங்கிருந்து வடக்கே போனால் டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகள், பிறகு கருங்கடல், அசோவ் கடல். அதுவரை தண்ணீரே இரு கரைகளையும் பிரித்துக் கொடுத்தது. அசோவ் கடலோடு தண்ணீர் முடிந்துபோனதும், அதில் வந்து விழும் தனாயிஸ் ஆற்றையே எல்லையாகத் தொடர்ந்தார்கள். இன்றைய டான் ஆறு அது. கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸுக்கு இதில் ஐயம் இருந்தது. நிலம் ஒன்றாக இருக்க, ஆப்பிரிக்காவையும் சேர்த்து அதற்கு ஏன் மூன்று பெண்களின் பெயர்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். என் மாணவி கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

இடைக்கால ஐரோப்பியர்கள் இதைப் படமாக வரைந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு வட்டம். நடுவே குறுக்கே ஒரு கோடு, அதன் நடுவிலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்குக் கோட்டின் ஒரு பாதி டான் ஆறு, மறு பாதி நைல். கீழே இறங்குவது மத்தியதரைக் கடல். மேல் பாதி முழுக்க ஆசியா, கீழே இடப்பக்கம் ஐரோப்பா, வலப்பக்கம் ஆப்பிரிக்கா. இசிடோர் என்ற ஆயர் எழுதிய நூலில் 1472ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் அச்சான படம் இது. ஐரோப்பாவில் முதன்முதலாக அச்சேறிய உலகப் படமே இதுதான். ஒரு குழந்தைகூட ஒரு நிமிடத்தில் வரைந்துவிடும்.

ஆனால் டான் ஆறு மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரிலேயே பிறந்துவிடுகிறது. அதற்கு வடக்கே, ஆர்க்டிக் கடல் வரை, எல்லை என்று காட்ட எதுவும் இல்லை. வரைபடக்காரர்கள் ஆளுக்கொரு கோடு இழுத்தார்கள்.

இதைத் தீர்த்து வைத்தவர்களில் ஒருவர் போர்க்கைதி. 1709இல் பொல்டாவா போரில் ரஷ்யாவிடம் சுவீடன் தோற்றபோது பிடிபட்ட அதிகாரி பிலிப் யோஹான் வான் ஸ்ட்ராலென்பர்க். சைபீரியாவின் டொபோல்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டவர், அந்த நிலத்தை அளந்து, கேட்டு, எழுதி, பத்து வருடங்களுக்கு மேல் கழித்து ஊர் திரும்பினார். 1730இல் ஸ்டாக்ஹோமில் வெளியான அவருடைய நூலில் எல்லை யூரல் மலைக்கு வந்துவிட்டது. அந்த யோசனையை அவருக்குச் சொன்னதே தான்தான் என்று பிறகு எழுதினார் வசீலி தத்தீஷெவ். யூரல் பகுதியின் அரசுச் சுரங்கங்களையும் உலோக ஆலைகளையும் கவனித்த ரஷ்ய அதிகாரி அவர். மலையின் இரு பக்கமும் ஆறுகள் எதிரெதிர் திசையில் ஓடுகின்றன, அவற்றின் மீன்கள்கூட வேறு என்பது அவர் சொன்ன காரணம்.

அரசுக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. 1721இல் பேரரசு என்று அறிவித்துக்கொண்ட ரஷ்யா, தன்னை ஐரோப்பிய வல்லரசாக நிறுத்த விரும்பியது. டான்தான் எல்லை என்றால் கசான் போன்ற நகரங்களெல்லாம் ஆசியாவுக்குப் போய்விடும். யூரல் என்றால் தாய்நிலம் ஐரோப்பாவில் இருக்கும். சைபீரியா, மற்ற ஐரோப்பியர்களுக்குக் கடல் கடந்து இருந்த உடைமைகளைப் போல, மலைக்கு அப்பால் இருக்கும்.

மலைக்குத் தெற்கே எல்லையாகச் சொல்லப்படும் யூரல் ஆற்றுக்கு அப்போது அந்தப் பெயரே கிடையாது. அது யாயிக். அதன் கரைக் கோசாக்குகள் புகச்சோவ் தலைமையில் எழுந்த கிளர்ச்சி அடங்கியதும், அந்த நினைவே இருக்கக் கூடாதென்று 1775இல் பேரரசி கேத்தரின் ஆற்றின் பெயரை மாற்றினார். நான் வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட பெயர் அது. அதன் கதை தெரிந்த பிறகு எழுதும்போது கை ஒரு கணம் நின்றது.

தெற்குப் பக்கம் இன்றும் சண்டைதான். காகசஸ் மலை உச்சி வழியாகக் கோடு போனால் 5,642 மீட்டர் எல்பிரஸ் ஐரோப்பாவின் உயர்ந்த சிகரம். 1958இல் சோவியத் புவியியலாளர்கள் பரிந்துரைத்தபடி காகசஸுக்கு வடக்கே குமா–மானிச் தாழ்நிலம் வழியாகப் போனால் எல்பிரஸ் ஆசியாவுக்குப் போய்விடும், பட்டம் மோன் பிளாங்குக்கு. பாறைகளைக் கேட்டால் இன்னொரு கதை சொல்கின்றன. சுமார் 30 கோடி வருடங்களுக்கு முன் தனித்தனியாக இருந்த நிலங்கள் மோதி ஒட்டிக்கொண்ட தையல்தான் யூரல். பிரிக்கும் கோடு என்று நாம் சொல்லிக்கொடுப்பது சேர்ந்த இடத்தை.

1885இல் ஜார்ஜ் கென்னன் என்ற அமெரிக்கர் யூரலைக் கடந்து சைபீரியா போனார். மலைக்குக் கிழக்கே, யெகாதெரின்பர்க் நகரைத் தாண்டிப் பாதையோரத்தில், செங்கல்லால் கட்டிப் பூசிய சதுரத் தூண் ஒன்றைப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு அடி உயரம். ஒரு பக்கம் பெர்ம் மாகாணத்தின் சின்னம், மறுபக்கம் டொபோல்ஸ்க் மாகாணத்தின் சின்னம். கண்ட எல்லையை எப்போதோ கடந்துவிட்ட இடம் அது. ஆனால் சைபீரியாவுக்கு விலங்கோடு நடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளுக்குச் சொந்த மண் முடிந்தது அந்தத் தூணில்தான். அங்கே அவர்களைச் சற்று நிற்க விடுவார்களாம். சிலர் தூணில் ஏதாவது கீறிவைப்பார்கள். சிலர் தரையில் விழுந்து அழுவார்கள். சிலர் மேற்குப் பக்கத்து மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, எழுந்து, கிழக்கே நடப்பார்கள்.